கேள்வி ஒரு குரூப்பில், பதில் இன்னொரு குரூப்பில்: மழைக்கு முன்னாடி ஒரு நீண்ட இழை

1/ காயல்பட்டினம், திருச்செந்தூர், ஆறுமுகநேரி, ஆத்தூர் பக்கத்து மக்களே, வடகிழக்குப் பருவமழை வர்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம் பேசணும். கொஞ்சம் காரமாத்தான் இருக்கும். நம்மகிட்ட தகவலுக்குப் பஞ்சமே இல்ல, ஆனா எல்லாம் சிதறிக் கிடக்குது. ஆபத்து நேரத்துல ரெண்டுக்கும் வித்தியாசம் கிடையாது.

2/ நான் சொல்றது இதைத்தான். "அந்தத் தெருவுல தண்ணி எவ்வளவு?"ன்னு ஒருத்தர் பேஸ்புக்ல கேக்குறார். அதுக்கான பதில் ஒரு வாட்ஸப் குரூப்ல இருக்கு. அந்தப் பதில் தப்புன்னு இன்னொருத்தர் எக்ஸ் தளத்துல எழுதுறார். சரியான நிலவரம் ஒரு பையனோட இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில இருக்கு, 24 மணி நேரத்துல அதுவும் காணாமப் போயிடும். நாலு பேரும் ஒரே ஊர், ஒரே தெருவைப் பத்தித்தான் பேசுறாங்க. ஆனா ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்குக் கேக்கல.

3/ "இதுல டாக்டருக்கு என்ன வேலை?"ன்னு கேக்கலாம். 2023 டிசம்பரை மறந்துட்டீங்களா? டிசம்பர் 17, 18 தேதிகள்ல 24 மணி நேரத்துல காயல்பட்டினத்துல பெஞ்ச மழை சுமார் 95 செ.மீ. திருச்செந்தூர்ல 69, ஸ்ரீவைகுண்டத்துல 62. தூத்துக்குடி மாவட்டத்துல ஒரு வருஷம் முழுக்க சராசரியா பெய்யுறதே 66 செ.மீ. பக்கம்தான். ஒண்ணரை வருஷ மழை ஒரே நாள்ல நம்ம தலையில விழுந்துச்சு.

4/ 17 ராத்திரி திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தோட நின்னுடுச்சு. உள்ள சுமார் 800 பேர். கொஞ்சம் பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனாங்க. அதுக்குள்ள ரோடும் போச்சு. மீதிப் பேர் வெளிய வர 19ஆம் தேதி ஆயிடுச்சு. அவங்க வீட்டு ஆளுங்க சென்னையில எத்தனை குரூப்ல, எத்தனை கமென்ட்ல ஒரே கேள்வியைக் கேட்டுட்டு இருந்தாங்கன்னு அந்த ரெண்டு நாளைப் பார்த்தவங்களுக்குத் தெரியும்.

5/ கரண்டு இல்ல, டவர் இல்ல. இருக்குற போன்ல சார்ஜும் இல்ல. இந்த நிலைமையில வந்த மெசேஜ் ஒண்ணு: "காயல்பட்டினத்தில் நிறைமாத கர்ப்பிணி வீட்டுக்குள் சிக்கியுள்ளார். இடுப்பளவு தண்ணீர். உடனடி உதவி தேவை. அதிகம் பகிரவும்." கீழ ஒரு போன் நம்பர். தேதி கிடையாது, நேரம் கிடையாது, தெருப் பேரும் கிடையாது.

6/ எனக்கு அது ஏழு குரூப்ல இருந்து வந்துச்சு. முதல் தடவை உள்ளூர்க் குரூப்ல, கடைசித் தடவை சவூதியில இருக்குற ஒரு காக்கா அனுப்பினது. அவர் பதறிப்போய் அனுப்புறப்போ, அந்தப் பொண்ணை வெளிய கொண்டு வந்து மூணு நாள் ஆயிருந்துச்சு. அந்தச் செய்தியும் ஒரு குரூப்ல இருந்துச்சு. ஒரே ஒரு குரூப்லதான்.

7/ "நல்லபடியா முடிஞ்சுதே, அப்புறம் என்ன?"ன்னு கேக்காதீங்க. அந்த நம்பருக்கு மூணு நாள் போன் வந்துட்டே இருந்துச்சு. அந்த வீட்ல சார்ஜ் இருந்த ஒரே போன் அது. காப்பாத்தின ஆளைத் தேடி ரெண்டாவது தடவை ஒரு படகு போச்சு. அந்த நேரத்துல அந்தப் படகு போயிருக்க வேண்டிய வீடு வேற எங்கயோ இருந்திருக்கும். அது யார் வீடுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என் கோபமே அதுதான்.

8/ மருத்துவமனையில கேஸ் ஷீட்னு ஒண்ணு இருக்கு, பார்த்திருப்பீங்க. அது காகிதக் கட்டுதான், ஆனா அதுக்கு ஒரு சட்டம் இருக்கு. ஒரு நோயாளிக்கு ஒரு கேஸ் ஷீட். நான் எழுதுறதும் சிஸ்டர் எழுதுறதும் லேப் ரிசல்ட்டும் அதுலதான் வரணும். ஒவ்வொரு வரிக்கும் தேதி, நேரம், கையெழுத்து வேணும். ஆளை வேற வார்டுக்கு மாத்தினா ஷீட்டும் கூடவே போகும்.

9/ இப்போ யோசிங்க. நான் என் நோட்டுல எழுதுறேன், சிஸ்டர் அவங்க நோட்டுல எழுதுறாங்க, லேப்காரர் சுவத்துல ஒட்டுறார், நைட் டியூட்டி டாக்டர் யார்கிட்டயோ வாயால சொல்லிட்டுப் போறார். எல்லாருமே கெட்டிக்காரங்க, நல்லவங்கதான். ஆனா நோயாளிக்கு ஒரே ஊசி ரெண்டு தடவை போடப்படும், போட வேண்டிய ஊசி போடப்படாது. இன்னைக்கு நம்ம ஊர் இணையத்துல பேசிக்கிற லட்சணம் இதுதான்.

10/ தப்பு எங்கங்கே இருக்குன்னு பிரிச்சுப் பார்ப்போம். முதல்ல வாட்ஸப். ஃபார்வர்டுன்னா என்ன? மூலச் செய்திக்கு வழிகாட்டுற லிங்க் இல்ல, ஒரு நகல். எழுதினவர் 15 நிமிஷத்துக்குள்ள திருத்தலாம், ரெண்டு நாள் வாக்குல எல்லாருக்குமாச் சேர்த்து அழிக்கவும் செய்யலாம். ஆனா அதுக்குள்ள வேற குரூப்புக்குப் போன நகலை அவரால ஒண்ணும் செய்ய முடியாது.

11/ அதைவிட மோசம், ஃபார்வர்டு ஆகி வர்ற செய்தியில தெரியுற நேரம் உங்களுக்கு வந்து சேர்ந்த நேரம்தான். முதல்ல எழுதின நேரம் எங்கயும் தெரியாது. போன வருஷத்து மெசேஜ் இன்னைக்குக் காலையில 7.42க்குக் குளிச்சுப் புதுச் சட்டை போட்டுட்டு வந்து நிக்கும். பார்க்குறவங்களுக்கு அது இன்னைக்குச் செய்திதான்.

12/ வதந்தியால ஆட்களை அடிச்சே கொன்ன சம்பவங்களுக்கு அப்புறம், 2018ல இந்தியாவுல ஒரு மெசேஜை அஞ்சு சாட்டுக்கு மேல ஒரே நேரத்துல ஃபார்வர்டு பண்ண முடியாதபடி செஞ்சாங்க. 2020ல ரொம்பத் தடவை சுத்தின மெசேஜுன்னா ஒரு நேரத்துல ஒரு சாட்டுக்குத்தான்னு குறைச்சாங்க. வேகம் குறைஞ்சுது, சரி. ஆனா பொய்யைத் துரத்திட்டுப் போற திருத்தத்துக்கும் அதே வேகத்தடைதான். வாட்ஸப்ல திருத்தம் மூலச் செய்தியோட நகல்களோட ஒட்டி வர்றது இல்ல.

13/ அடுத்தது பேஸ்புக். அங்க வரிசை நேரப்படி கிடையாது. மூணு நாள் பழைய "உதவி தேவை" பதிவுல யாரோ இன்னைக்கு "பிரார்த்திப்போம்"னு ஒரு கமென்ட் போட்டா, அது மறுபடி மேல வந்து உக்காந்துக்கும். "மீட்டாச்சு"ன்னு எழுதின கமென்ட் நூத்திப் பத்தாவது இடத்துல கிடக்கும். யார் கீழ வரைக்கும் போறா?

14/ எக்ஸ் தளம். 2023 நடுவுல இருந்து அங்க கணக்கு இல்லாதவங்க ஒரு தனிப் பதிவைப் பார்க்கலாம், அதுக்குக் கீழ இருக்குற பதில்களைப் பார்க்க முடியாது. ஒரு அரசுப் பக்கத்துக்குள்ள போனாலும் புதுப் பதிவு மேல வராது, பழசும் புதுசும் கலந்து வரும். நம்ம ஊர்ல எத்தனை உம்மாக்கள் எக்ஸ்ல கணக்கு வச்சிருக்காங்க? ஆனா வெள்ள நேரத்து அறிவிப்பு முதல்ல வர்ற இடம் அதுதான்.

15/ 2015 சென்னை வெள்ளத்தை ஞாபகம் வச்சிருக்கீங்களா? ட்விட்டர்ல வந்த உதவிக் கோரிக்கைகளைத் தன்னார்வலர்கள் பொது ஸ்ப்ரெட்ஷீட்ல சேர்த்தாங்க. யாருக்கு என்ன வேணும், யார் கொடுக்குறாங்கன்னு ஒரே இடத்துல பட்டியல் போட்டாங்க. சம்பளம் வாங்காத பசங்க செஞ்ச வேலை. எட்டு வருஷம் கழிச்சு, அதைவிட நல்ல போன் எல்லார் கையிலயும் இருந்த 2023ல, நாம அதைவிடச் சிதறிக் கிடந்தோம்.

16/ ஏன்? ஒரு காரணம் கம்பெனிகள். 2023 பிப்ரவரியில ட்விட்டர், வெளியாட்கள் பதிவுகளைத் தானியங்கியா எடுத்துப் பயன்படுத்த இருந்த இலவச வழியை மூடப் போறோம்னு அறிவிச்சுது. நாலு நாள்ல துருக்கியில நிலநடுக்கம். இடிபாட்டுல இருந்து ஆட்கள் போட்ட பதிவுகளைத் திரட்டிட்டு இருந்த மென்பொருள்காரங்க, "இதை மூடிடாதீங்க"ன்னு கெஞ்ச வேண்டியதாப் போச்சு.

17/ சிதறினதைச் சேர்க்க முன்னாடியே ஆட்கள் முயற்சி பண்ணாங்க. 2007ல ஃப்ரெண்ட்ஃபீட்னு ஒண்ணு வந்துச்சு. நீங்க பல தளத்துல போடுறதையும் அதைப் பத்தின பேச்சையும் ஒரே இடத்துல காட்டும். 2009ல பேஸ்புக் அதை வாங்குச்சு, 2015ல மூடிட்டாங்க. கூகுள் ரீடரை 2013லயே மூடியாச்சு. ஒவ்வொருத்தருக்கும் நீங்க அவங்க வேலிக்குள்ளயே இருக்கணும். வேலியைத் தாண்டிப் பேச்சு போனா விளம்பரக் காசு போயிடும்.

18/ தொழில்நுட்பத்தால முடியாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பிஎஸ்என்எல்ல இருந்து ஜியோவுக்குப் போன் போகுது. ஜிமெயில்ல இருந்து யாஹூவுக்கு மெயில் போகுது. காயல்பட்டினத்துல போடுற கடிதம் கொழும்புக்குப் போகுது, ரெண்டு நாட்டுத் தபால் துறையும் வேற வேறதானே? தளம் விட்டுத் தளம் பேசுறதுக்கான ஆக்டிவிட்டிபப்ங்கிற பொது விதி 2018லயே இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி ஒப்புதலோட வந்தாச்சு. ஐரோப்பிய யூனியன் சட்டம் போட்டு, வேற செயலிக்கும் வழி விடணும்னு வாட்ஸப்பைக் கட்டாயப்படுத்தியிருக்கு. அங்க முடியுது, இங்க ஏன் முடியல? நாம கேக்கல, அவ்வளவுதான்.

19/ ரெண்டாவது காரணம் அரசு அலுவலகங்கள். நானும் அரசு ஊழியன்தான், அதனால உரிமையோட சொல்றேன். அறிவிப்பை ஏன்யா படமாப் போடுறீங்க? கலர் கட்டம், பெரிய தலைவர் படம், சின்ன எழுத்து. அதைத் தேட முடியாது. பார்வையில்லாதவங்க போன் அதை வாசிக்காது. பாதிப் படத்துல தேதியே இருக்காது. ஒவ்வொரு மழைக்கும் போன வருஷத்து "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை" கார்டு சுத்துதே, அதுக்குக் காரணம் பசங்க குறும்பு மட்டும் இல்ல.

20/ படத்தை வெட்டுறது சுலபம், அதுலதான் உயிர் ஆபத்து. வெள்ளத்துக்கு அப்புறம் எலிக்காய்ச்சல் வராம இருக்க டாக்ஸிசைக்ளின் பத்தி ஒரு அறிவுரைப் படம் சுத்துச்சு. மேல் பாதியில மாத்திரை பேரு, அளவு. கீழ் பாதியில "கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் டாக்டரைக் கேக்காம எடுக்கக் கூடாது". எனக்கு வந்த ஸ்க்ரீன்ஷாட்ல கீழ் பாதி இல்ல. யாரும் வேணும்னு வெட்டல, போன் திரையில அவ்வளவுதான் தெரிஞ்சிருக்கும். நான் எழுதுற பிரிஸ்க்ரிப்ஷனைப் பாதியாக் கிழிச்சு மெடிக்கல் ஷாப்புல கொடுப்பீங்களா?

21/ இன்னொரு கொடுமை. தமிழ்நாட்டுல பதிவு பண்ணின ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஆர்சிஎச் நம்பர் இருக்கு. இந்த வாரம் யாருக்குப் பிரசவத் தேதின்னு சுகாதார செவிலியர்கிட்ட லிஸ்ட் இருக்கு, வீட்டு முகவரியோட. அதாவது தேவையான தகவல் அரசுக்குள்ள பத்திரமா இருக்கு. வெளிய ஆயிரம் பேர் அதே பொண்ணைப் பத்தித் தேதியில்லாம கத்திட்டு இருக்காங்க. ரெண்டுக்கும் நடுவுல பாலம் இல்ல. அரசு அப்போ ஒரு வாட்ஸப் நம்பர் அறிவிச்சுது, நல்ல காரியம். ஆனா அனுப்பினவரோட கோரிக்கை என்ன ஆச்சுன்னு ஊர் பார்க்குற மாதிரி ஒரு பக்கமும் வேணும். அது இல்லாததாலதான் ஜனங்க ஒரே செய்தியை மறுபடி மறுபடி அனுப்புறாங்க.

22/ மூணாவது காரணம் நாம. கம்பெனியையும் அரசையும் திட்டினா லைக் வரும், நம்மைச் சொன்னா வராது. பரவாயில்ல. நம்ம ஊர்ல தெருவுக்கு ஒரு குரூப், ஸ்கூல் பேட்ச்சுக்கு ஒரு குரூப், ஜமாஅத்துக்கு, கட்சிக்கு, புட்பால் டீமுக்கு, ஹாங்காங்குக்கு, சிங்கப்பூருக்கு, சவூதிக்கு, துபாய்க்கு ஒவ்வொண்ணு. தப்பில்ல, அதுதான் ஊரோட பலம். ஆனா "வேற குரூப் லிங்க் இங்க போடக் கூடாது"ன்னு ஒரு விதி வச்சிருக்கீங்களே, அது எதுக்கு? நம்ம குரூப்லதான் முதல்ல செய்தி வரணுங்கிற கௌரவம். எல்லாரும் முதல்ல சொல்லப் பார்க்குறாங்க. "முடிஞ்சுது"ன்னு கடைசியாச் சொல்ல ஆள் இல்ல.

23/ வெள்ளம் எப்பவாவது வரும், ரத்தம் தினமும் வேணும். "அவசரம்! ஓ நெகட்டிவ் தேவை" மெசேஜ் மாசக் கணக்குல சுத்துது. ஒரு பையன் அதை நம்பி வேலைக்கு லீவு போட்டுட்டுக் கிளம்பி, போன் பண்ணினா "அது எப்பவோ முடிஞ்சுது தம்பி"ங்கிறாங்க. ரெண்டு தடவை இப்படி ஆனா மூணாவது தடவை அவன் போனை எடுக்க மாட்டான். அந்த மூணாவது தடவை நிஜமா இருக்கும். பிரசவத்துல ரத்தம் கொட்டிட்டு இருக்குற பொண்ணுக்காக ஆள் தேடுற எனக்கு, அந்தப் பையனோட நம்பிக்கைதான் மருந்து. அதை நீங்க காலி பண்றீங்க.

24/ இப்போ எதிர்வாதங்கள். "டாக்டர், வாட்ஸப் இல்லன்னா ஹாங்காங்ல இருந்த எனக்கு உம்மா உயிரோட இருக்காங்கன்னே தெரிஞ்சிருக்காது." உண்மை. நான் வாட்ஸப்பை எறியச் சொல்லல, நானும் அதுலதான் இருக்கேன். ஆனா நீங்க அங்க இருந்து தவிச்ச அந்த ஒரு நாள், உங்க கேள்விக்குப் பதில் ஊருக்குள்ள யாரோட போன்லயோ இருந்திருக்கலாம். அது உங்ககிட்ட வந்து சேரத்தான் வழி இல்ல.

25/ "எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சா அரசு கட்டுப்படுத்தும், பேச்சுச் சுதந்திரம் போயிடும்." நியாயமான பயம். அதனாலதான் எல்லாரும் ஒரே இடத்துல பேசணும்னு நான் சொல்லல. டீக்கடையில பேசுங்க, கடற்கரையில பேசுங்க, நூறு குரூப்ல பேசுங்க. உயிர் சம்பந்தப்பட்ட செய்திக்கு மட்டும் ஒரு கேஸ் ஷீட் இருக்கணும், எல்லாக் குரூப்பும் அதைக் கை காட்டணும். பேச்சு எத்தனையா வேணும்னாலும் இருக்கட்டும். கணக்குப் புத்தகம் ஒண்ணுதான்.

26/ "ஜனங்களுக்கு அவ்வளவு பொறுமை இல்ல சார்." இருக்கு. மீன் ஏலக் கூடத்துல போய்ப் பாருங்க. அவ்வளவு சத்தத்துலயும் எந்தக் கூடை யாருக்கு, எவ்வளவுக்குப் போச்சுன்னு ஒருத்தர் எழுதிட்டே இருப்பார். சத்தம் போடுறவங்க நூறு பேர், எழுதுறவர் ஒருத்தர். ஏலம் நடக்குறது அந்த ஒருத்தராலதான்.

27/ சரி, என்ன செய்யணும்? பொதுமக்களுக்கு: உதவி கேட்டு எழுதுறப்போ அஞ்சு விஷயம் கட்டாயம். (அ) தேதியும் நேரமும். (ஆ) ஊர், தெரு, அடையாளம். (இ) எத்தனை பேர், என்ன பிரச்சினை: டயாலிசிஸா, இன்சுலினா, பிரசவமா. (ஈ) கூட இருக்குறவரோட நம்பர். (உ) "எத்தனை மணிக்கு மேல இதைப் பகிர வேண்டாம்"னு ஒரு வரி. இந்த அஞ்சும் இல்லாத மெசேஜை ஃபார்வர்டு பண்ணாதீங்க. முதல்ல அந்த நம்பருக்கு ஒரே ஒரு எஸ்எம்எஸ் போட்டுக் கேளுங்க. கால் பண்ணாதீங்க, அந்த போன்ல சார்ஜ் இருக்கட்டும்.

28/ 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. லைன் கிடைக்குற வரைக்கும் முதல் முயற்சி இங்கதான், குரூப் அடுத்தது. ரத்தத்துக்கு முதல்ல ரத்த வங்கியைக் கேளுங்க, இ-ரக்த்கோஷ் தளத்துல இருப்பைப் பாருங்க. தேவை முடிஞ்சா, கேட்ட எல்லா இடத்துலயும் போய் "கிடைச்சாச்சு"ன்னு எழுதுங்க. கேக்கத் தெரிஞ்ச நமக்கு முடிக்கவும் தெரியணும்.

29/ அட்மின்களுக்கு: மழைக்கு முன்னாடி ஊர்ல இருக்குற பெரிய குரூப் அட்மின்கள் பத்துப் பதினைஞ்சு பேர் ஒரு நாள் அஸருக்கு அப்புறமோ ஞாயித்துக்கிழமை சாயங்காலமோ உக்காந்து பேசுங்க. ஒரே ஒரு பொதுப் பட்டியல். அதுல எழுத மூணு ஷிஃப்ட்டுக்கு ஆள். உள்ளூர்ல கரண்டு போனா, வெளியூர்ல, வெளிநாட்டுல இருக்குற காயலர்கள் அதைப் பார்த்துக்கட்டும். பதறி ஃபார்வர்டு பண்றதைவிட அவங்க செய்யக்கூடிய பெரிய உதவி அது. நோயாளிகளோட பேர், நோய் விவரம் எல்லாரும் பார்க்குற பட்டியல்ல வேண்டாம். வரிசை எண், தெரு, தேவை, "திறந்திருக்கு / முடிஞ்சுது", அது போதும்.

30/ நகராட்சிக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும்: ஒரே ஒரு பக்கம். கணக்கு, பாஸ்வேர்டு எதுவும் கேக்காம திறக்கணும். எழுத்துல இருக்கணும், படம் வேண்டாம். ஒவ்வொரு அறிவிப்புக்கும் வரிசை எண், நேரம். "அறிவிப்பு 14, அறிவிப்பு 11ஐ ரத்து செய்கிறது"ன்னு எழுதுங்க. 2ஜி சிக்னல்லயும் திறக்குற அளவுக்கு எளிமையா இருக்கணும். சிக்னலே இல்லன்னா, அதே வரிசை எண்ணோட பள்ளிவாசல், கோயில், சர்ச் மைக்ல வாசிக்கச் சொல்லுங்க. இதுக்குப் பெரிய செலவு கிடையாது, ஒரு ஆளை நியமிச்சாப் போதும்.

31/ எம்பி, எம்எல்ஏ, கட்சிக்காரங்களுக்கு: பேரிடர் அறிவிப்பு நேரத்துல பொதுப் பதிவுகளையும் பதில்களையும் கணக்கு கேக்காம, காசு கேக்காம திறந்துவிடணும்னு தளங்களுக்குச் சட்டம் போடச் சொல்லுங்க. ஃபார்வர்டு ஆகுற செய்தியில முதல்ல எழுதின தேதி தெரியணும்னு கேளுங்க. எழுதினவர் பேர் வேண்டாம், தேதி போதும். அந்தரங்கத்துக்கு அதனால ஒரு கேடும் இல்ல.

32/ இதையெல்லாம் அடுத்த வெள்ளத்துல இடுப்பளவு தண்ணியில நின்னுட்டுப் பேச முடியாது. இப்போ வெயில் அடிக்குது, சார்ஜ் இருக்கு, டவர் இருக்கு. உங்க குரூப் அட்மின் யாருன்னு உங்களுக்குத் தெரியும். இன்னைக்கே கேளுங்க: "காக்கா, பொதுப் பட்டியலுக்கு நம்ம குரூப் வருதா இல்லையா?"

33/ கடைசியா ஒண்ணு. இந்த இழையைப் பகிருங்க, ஆனா ஸ்க்ரீன்ஷாட் எடுக்காம லிங்க்கோட பகிருங்க. ஆட்சேபணை இருந்தா இங்கயே கீழ எழுதுங்க, டியூட்டி முடிஞ்சு வந்து ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்றேன். கேள்வியும் பதிலும் ஒரே இடத்துல இருக்கட்டும்.